சிவப்பு முக்கோணம் இருந்தால் பூச்சிமருந்து நன்றாகக் கேட்குமா?

சம்பா நெல்லில் புகையான் பூச்சி தலைகாட்டியதும் கடைக்குப் போய்க் கேட்பது ஒன்றுதான்: "நல்லா கேக்குற மருந்தா குடுங்க." டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் மனசு நிறைந்துவிடும். பச்சை என்றால் சந்தேகம். அந்த நிறத்துக்கும் பூச்சி சாவதற்கும் சம்பந்தமே இல்லை. மருந்து அடிக்கிற ஆளுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அது சொல்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் இறங்கிக்கொண்டே வரும். மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு. குருத்துப்பூச்சிக்கு இன்று நன்றாகக் கேட்கிற குளோரான்ட்ரனிலிப்ரோல் பச்சை, அதுவும் ஏக்கருக்கு 60 மில்லிதான்.

பார்க்க வேண்டியது மருந்தின் குடும்பத்தை. மோனோ, குளோர்பைரிபாஸ், அசிபேட் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் குடும்பம். நரம்பில் செய்தி கடந்தபின் அதைத் துடைக்கிற நொதியை இவை முடக்கும். அதே நொதி நமக்கும் உண்டு. காற்றை எதிர்த்து அடித்தவருக்கு எச்சில் ஊறி, வியர்த்து, கண்மணி சுருங்குவது அதனால்தான். பெயர் மாற்றி மூன்று டப்பா வாங்கினாலும் அடிப்பது ஒரே குடும்பத்து மருந்து.

புகையான் விஷயம் தனி. அது தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு குடிக்கும். இலை நனைய அடித்துப் பயனில்லை. இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று முன்னாடியே சைபர்மெத்ரின் மாதிரி பைரித்ராய்டு குடும்பத்து மருந்து அடித்த வயலில்தான் பிறகு பயிர் வட்டம் வட்டமாகக் காயும். புகையானைப் பிடித்துத் தின்கிற சிலந்தியும், புகையான் முட்டையைத் தின்கிற மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துப்போகும். தண்டுக்குள் இருக்கிற முட்டை தப்பிவிடும்.

தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு, அதாவது தூரிலிருந்து கிளைக்கிற ஒரு தண்டுக்கு, 2 பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தியே இல்லையென்றால் 1 தான் கணக்கு. முதலில் தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், 8 அடிக்கு 1 அடி இடைவெளி விட்டுப் பட்டம் பிரியுங்கள். அதற்குப் பிறகுதான் மருந்து. பைமெட்ரோசின் 50 சதம் என்றால் ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில், நாசில் தூரடியைப் பார்த்து. மறுநாள் பூச்சி உயிரோடுதான் இருக்கும். அது உடனே கொல்கிற மருந்து இல்லை, சாறு குடிக்க விடாது, பட்டினியில் சாக சில நாள் ஆகும். இது தெரியாமல் மூன்றாம் நாளே பல மருந்தைக் கலந்து ஒரு 'காக்டெயில்' அடிப்பவர்கள்தான் அதிகம். பியூப்ரோபெசின் என்ற இன்னொரு மருந்து தோலுரிக்கிற குஞ்சை மட்டும் தடுக்கும், இறக்கை முளைத்ததைக் கொல்லாது.

சட்டத்துக்கு வருவோம். 1958இல் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம். எந்த மருந்தை எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, என்ன அளவில் என்பதெல்லாம் பதிவின்போதே முடிவாகிவிடும். லேபிளில் நெல் என்று இல்லாததை நெல்லுக்கு விற்பதே தவறு. மோனோவைக் காய்கறிக்கு அடிக்க 2005இலேயே தடை வந்தது. போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் மூன்றும் 2020 முடிவோடு நிறுத்தப்பட்டவை. மாநில அரசு தன் பொறுப்பில் ஒரு மருந்தை நிறுத்தினால் 60 நாள், நீட்டித்தால் இன்னும் 30. நிரந்தரத் தடை வேண்டுமென்றால் டெல்லிதான் போட வேண்டும். ஒரு சம்பா முழுவதுக்கும்கூட வராத தடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடையில் பில் தருவது விதி, தயவு இல்லை. அதில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'பயோ டானிக்' என்று பதிவு எண்ணே இல்லாமல் ஒரு பாட்டில் வந்து, அடித்த அன்றே புழு பொத்துப் பொத்தென்று விழுந்தால், உள்ளே இருப்பது பயோ இல்லை. பில்லும் பாட்டிலும் கையில் இருந்தால் வேளாண் விரிவாக்க மையத்தில் புகார் கொடுக்கலாம். ஆய்வாளர் கடையிலிருந்து மாதிரி எடுத்து மூன்று பங்காகப் பிரித்து முத்திரை வைப்பார், ஒன்று ஆய்வகத்துக்குப் போகும். பில் இல்லாவிட்டால் "நம்ம கடையில வாங்கலையே" என்று கடைக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.