முதலில் தவளை, அப்புறம் கோல், கடைசியில்தான் ரீல்

குடியாத்தம் பக்கத்துத் தம்பி ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார். "அண்ணா, பெய்ட்காஸ்டர் வாங்கப் போறேன், இதுல எது நல்லது?" பெய்ட்காஸ்டர் என்பது தூண்டில் கோலின் மேல் மாட்டி நரம்பைச் (தூண்டில் நூலை) சுற்றி எடுக்கிற ஒரு வகை ரீல். கூடவே மூன்று ரீல்களின் படம். எதில் எத்தனை பேரிங் என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். கோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த ஏரி, எந்த மீன், எதைக் கட்டி வீசப் போகிறார் என்றும் இல்லை. இதே மாதிரிக் கேள்வி அடிக்கடி வருகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்து ஏரிகள் எல்லாம் நிரம்பிக் கோடி போனதிலிருந்து, நம் பக்கத்தில் லூர் (செயற்கை இரை) வீசுகிற பையன்கள் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் எல்லோரும் ரீலில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதனால் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். ரீலைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் எதை வீசப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அதன் எடைதான் கோலைச் சொல்லும். கோல் முடிவானால் ரீலுக்குப் பெரிய ஆராய்ச்சியே தேவையில்லை.

யூடியூபில் நீங்கள் பார்க்கிற பாடம் முக்கால்வாசி லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்கானது. அது வட அமெரிக்க மீன். ஜப்பானுக்குக் கொண்டுபோய் விட்டு அங்கேயும் பெருகியிருக்கிறது. 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் வெகுகாலம் உலகச் சாதனை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அதற்குச் சமமாக நின்றது. நம் காவேரிப்பாக்கம், கழிஞ்சூர் ஏரிகளில் பாஸ் கிடையாது. நமக்கு விரால் இருக்கிறது. அதுவும் பாஸ் மாதிரியே செடி ஓரத்தில் ஒளிந்திருந்து, மேலே எது ஓடினாலும் பாய்ந்து அடிக்கிற மீன். அதனால் பாஸ்காரர்களின் பாடம் நமக்கும் பெரும்பாலும் செல்லும். சில இடங்களில் மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

பெய்ட்காஸ்டர் எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு ஒரு பக்கமாகச் சுருள் சுருளாகக் கழன்று போகும், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையாது. பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழன்றுதான் நரம்பை விட வேண்டும். நின்றுகொண்டிருக்கும் ஸ்பூலைச் சுழல வைக்க லூருக்குக் கனம் வேண்டும். சாதாரண பெய்ட்காஸ்டருக்கு 7 கிராமுக்குக் கீழே உள்ள லூர் ஒத்துவராது. 10 கிராமுக்கு மேலே போனால்தான் அதன் சுகம் தெரியும். ஆகவே ஜிலேபி, கெண்டைக்கு மண்புழுவும் மாவும் கோர்த்துத் தக்கை போடுகிறவரா நீங்கள்? பெய்ட்காஸ்டர் வேண்டாம். சிறிய ஸ்பின்னரையும் (சுழலும் தகடு வைத்த லூர்) குட்டி ரப்பர் மீனையும் வீசுகிறவரா? அப்போதும் வேண்டாம், ஒரு நல்ல ஸ்பின்னிங் ரீல் போதும். லேசான லூருக்கென்றே தனி பெய்ட்காஸ்டர்கள் வருகின்றன, ஆனால் அவை முதல் ரீல் அல்ல. கெத்துக்காக வாங்கினால் கரையில் உட்கார்ந்து சிக்கு எடுப்பதிலேயே மாலை போய்விடும்.

விராலுக்கு என்று முடிவானால் நீங்கள் வீசப் போவது ரப்பர் தவளை. நம் ஏரிகளைப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த மாதங்களில் கரையோரம் ஆகாயத்தாமரை, அல்லி, பாசி. தண்ணீருக்குள் நிற்கிற வேலிக்காத்தான் முள். அதற்குள் தூண்டில் முள் வெளியே தெரிகிற எந்த லூரைப் போட்டாலும் மாட்டிக்கொள்ளும். தவளைக்கு இரட்டை முள் முதுகோடு ஒட்டி மறைந்திருப்பதால் செடி மேல் ஏறி இறங்கி வரும். மீன் கவ்வி அமுக்கும்போதுதான் முள் வெளிப்படும். கடைகளில் கிடைக்கும் தவளைகள் பெரும்பாலும் 8 முதல் 18 கிராம் வரை. 12, 14 கிராமில் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் முதல் செலவு.

இனி கோல். கோலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், லூர் இத்தனை அவுன்ஸ் முதல் இத்தனை அவுன்ஸ் வரை என்று. அந்த வரியை யாரும் படிப்பதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம். கால் முதல் முக்கால் அவுன்ஸ் என்று போட்டிருந்தால் 7 முதல் 21 கிராம். நம் தவளை அதன் நடுவில் உட்காருகிறது, அதுதான் வேண்டும். ஓரத்தில் உட்காரும் கோலை வாங்காதீர்கள். பலத்தில் மீடியம் ஹெவி, வளைவில் ஃபாஸ்ட், அதாவது நுனி மட்டும் வளைந்து நடு உடம்பு விறைப்பாக நிற்பது. நீளம் ஆறரை அடியிலிருந்து ஏழு அடிக்குள். பாஸ்காரர்கள் தவளைக்கென்றே ஹெவி கோல் வைத்திருப்பார்கள். முதல் கோலுக்கு அது வேண்டாம் என்பேன், ஏனென்றால் வேறு எதையும் அதில் சுகமாக வீச முடியாது. ஆனால் வெறும் மீடியத்துக்கு இறங்கிவிடாதீர்கள். விராலின் வாய் எலும்பு. கோல் மெலிந்திருந்தால் நீங்கள் இழுக்கிற இழுப்பெல்லாம் கோல் வளைவதிலேயே போய்விடும், முள் ஏறாது. ஏறினாலும் மீன் செடிக்குள் புகுந்துகொண்டால் வெளியே கொண்டுவரத் தெம்பு இருக்காது.

ஒற்றைத் துண்டுக் கோல்தான் சிறந்தது என்று அமெரிக்கர்கள் சொல்வார்கள். அவர்களிடம் படகும் பிக்கப் வண்டியும் இருக்கிறது. காட்பாடியிலிருந்து டவுன் பஸ்ஸிலோ ஸ்பிளெண்டரிலோ போகிற ஆளுக்கு இரண்டு துண்டுக் கோல்தான் சரி. இப்போது வருகிற இரண்டு துண்டுக் கோல்களில் கை உணர்வில் பெரிய குறை ஒன்றும் இல்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கோல் பெய்ட்காஸ்டிங் கோல்தானா? பிடியின் அடியில் ஆள்காட்டி விரல் மாட்டுவதற்கு டிரிக்கர் இருக்கும், வளையங்கள் சிறிதாக மேல்பக்கம் பார்த்து இருக்கும். ஸ்பின்னிங் கோலில் இந்த ரீலைக் கட்டிக்கொண்டு அலைகிறவர்களை மோர்தானா அணைப் பக்கமே பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். நார் மாட்டினால் வளையத்தில் கீறல் இருக்கிறது, அந்தக் கோல் வேண்டாம். பிரெய்ட் (பின்னல் நரம்பு) அறுந்துபோவதற்கு அந்த ஒரு கீறல் போதும்.

சரி, ரீல். பேரிங் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். பெட்டியில் 18+1 என்று போட்டு மலிவு விலைக்கு வருவதைவிட, உருப்படியான நாலைந்து பேரிங்கோடு ஒழுங்காகச் செய்த ரீல் பல வருஷம் உழைக்கும். ஷிமானோ, டைவா, அபு கார்சியா என்று பெயர் பெற்ற எந்தக் கம்பெனியின் ஆரம்ப நிலை ரீலும் தவளைக்குப் போதும். அதற்கும் கீழே போக வேண்டாம். அதற்கு மேலே முதல் வருஷத்தில் போக வேண்டிய அவசியமும் இல்லை.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது கைப்பிடி எந்தப் பக்கம் என்பது. ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். பெய்ட்காஸ்டரில் அது நடக்காது, வாங்கியது வாங்கியதுதான். அமெரிக்காவில் வலது கையால் வீசி, கோலை இடது கைக்கு மாற்றி, வலது கையால் சுற்றும் பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. நம் ஆட்களுக்கு ஸ்பின்னிங்கில் இடது கையால் சுற்றித்தான் பழக்கம். தவளை விழுந்த நொடியிலேயே விரால் அடிக்கும், அந்த நேரத்தில் கை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே வலது கையால் வீசுகிறவர்களுக்கு இடது கைப்பிடி. ஷிமானோவில் 150 என்றால் வலது, 151 என்றால் இடது. டைவாவில் மாடல் எண்ணின் கடைசியில் 'எல்' வந்தால் இடது. ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் இதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

கியர் விகிதம் 7:1ஐ ஒட்டி இருக்கட்டும். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் ஏழு சுற்று. தவளையைத் துள்ள விடும்போது ஒவ்வொரு துள்ளலுக்கும் நரம்பு தொய்யும். அதை உடனே சுற்றி எடுக்க இந்த வேகம் வேண்டும். எட்டு, ஒன்பது எல்லாம் இருக்கிறது, முதல் ரீலுக்குத் தேவையில்லை.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஆள்கள் வெறுத்துப்போய் ரீலை விற்பது இதனால்தான். வீசிய லூர் காற்றில் போகப் போக வேகம் குறையும். ஸ்பூலுக்கு அது தெரியாது, பழைய வேகத்திலேயே சுற்றும். வெளியே போவதைவிட அதிக நரம்பை அது கழற்றிவிட, மிச்சம் உள்ளேயே குருவிக்கூடு மாதிரிச் சுருண்டுகொள்ளும். அதுதான் பேக்லாஷ். இதைத் தடுக்க ரீலில் இரண்டு ஏற்பாடு உண்டு. கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகு ஸ்பூலின் இறுக்கத்துக்கு. மறுபக்கம் பிரேக். பிரேக்கில் காந்த வகை, மையவிலக்கு வகை என்று இரண்டு. மையவிலக்கு வகையில் பெரும்பாலும் மூடியைத் திறந்து உள்ளே குட்டிக் கட்டைகளை மாற்ற வேண்டும். காந்த வகையில் வெளியே இருக்கும் டயலைத் திருப்பினால் போதும். புதிதாகப் பழகுகிறவருக்குக் காந்தம்தான் என் சிபாரிசு. ஏரிக்கரையில் ஈரக் கையோடு மூடியைக் கழற்றுகிற வேலை இல்லை.

தவளையைக் கட்டி, கோலை நீட்டிப் பிடித்து, கட்டைவிரல் பட்டனை அழுத்துங்கள். தவளை மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். அப்படி வரும்வரை திருகை இறுக்குங்கள். பிரேக்கை முழுசாக வைத்து ஆரம்பியுங்கள். தூரம் போகாது, பரவாயில்லை. கை பழகப் பழக ஒவ்வொரு எண்ணாகக் குறையுங்கள். தவளை தண்ணீரைத் தொடுவதற்கு முன்னாலேயே கட்டைவிரல் ஸ்பூலை அழுத்த வேண்டும். எந்த பிரேக்கும் அந்த விரலுக்கு ஈடில்லை. எதிர்காற்றில் வீசிப் பழகாதீர்கள், ஆடி மாதத்தில் ஏரிக்கரையில் பழக ஆரம்பிப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

பாலாற்று மணலில் நின்று பழகலாம் என்று நிறையப் பேர் போகிறார்கள். ஆற்றில்தான் வருஷத்தில் பல மாதம் தண்ணீரே இல்லையே, இடம் தாராளம். ஆனால் ரீலை மணல் மேல் வைக்காதீர்கள். நரம்பை இடமும் வலமுமாக அடுக்குகிற புழுக் கியருக்குள் ஒரு பொடி மணல் போனால் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூட மைதானம் மேல். தவளையின் முள்ளை வெட்டிவிட்டுப் பழகுங்கள், பக்கத்தில் சின்னப் பசங்க ஓடுவார்கள்.

நரம்பைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பழகுகிற காலத்தில் மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) போடுங்கள், 12 முதல் 15 பவுண்டு தாங்குவது. பிரெய்டில் விழுகிற சிக்கு ஒன்றுக்குள் ஒன்று புதைந்துகொண்டு கத்தரிக்கோலில்தான் முடியும். மோனோ விலை குறைவு, சிக்கை விரலாலேயே எடுக்கலாம். விளிம்பு வரை நிரப்பாமல் 3 மில்லிமீட்டர் விட்டுச் சுற்றுங்கள். வீசுகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நரம்பை வெளியே இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்பின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டி, பிறகு சுற்றிவிடுங்கள். எவ்வளவு மோசமான சிக்கும் அந்த டேப்புக்குக் கீழே இறங்காது. கை வந்த பிறகு 50 பவுண்டு பிரெய்டுக்கு மாறுங்கள். பருமனில் அது ஏறக்குறைய 12 பவுண்டு மோனோ அளவுதான். வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றினால் பிரெய்ட் வழுக்கிச் சுற்றும், அடியில் கொஞ்சம் மோனோ இருக்கட்டும்.

பணத்தைப் பிரிப்பது பற்றியும் கேட்கிறார்கள். கையில் 8000 ரூபாய் இருந்தால் ரீலுக்குப் பாதிக்கு மேல் போடாதீர்கள். கோலுக்கு 2500. மிச்சத்தில் நரம்பும் தவளையும். ரீலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, நானூறு ரூபாய்க் கோலில் மாட்டிக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை.

ஏரிக்குப் போனதும் செய்ய வேண்டிய இரண்டு காரியம். நம் ஏரிகள் பலவற்றில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரையோ சங்கத்து ஆளையோ பார்த்துக் கேட்டுவிட்டு வீசுங்கள், அது அவர்கள் பிழைப்பு. அப்புறம், கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கரையை ஒட்டிய கழனிகளில் பம்ப் செட்டுக்குப் போகிற ஒயர் எவ்வளவு தாழ்வாகத் தொங்கும் என்று உங்களுக்கே தெரியும். கோலைத் தூக்கி வீசும் முன் தலைக்கு மேலே பாருங்கள். இடி இடித்தால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு இறங்குங்கள்.

மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைப் பார்த்தால், அடியில் தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது. அந்த நேரத்தில் தவளையை மேலே போட்டால் பசி இல்லாவிட்டாலும் கோபத்தில் அடிக்கும், சுலபமாக மாட்டும். அதைப் பிடித்துப் போட்டோ போடுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. காவல் போனால் அந்தக் கூட்டம் மற்ற மீன்களுக்கும் கொக்குகளுக்கும் இரைதான். பாஸிலும் ஆண் மீன் இதே மாதிரிக் குஞ்சைக் காக்கும். அங்கே பல மாநிலங்களில் பாஸ் பிடிப்பதற்குக் காலமும் அளவும் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். இங்கே நாமே பார்த்து ஒதுங்க வேண்டியதுதான்.

பழைய ரீல் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம், நேரில் பார்த்து. பட்டனை அழுத்தி ஸ்பூலை விரலால் சுண்டுங்கள், சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். கைப்பிடியைப் பின்பக்கமாகத் திருப்பினால் அசையக் கூடாது. நட்சத்திர டிராகை (கைப்பிடிக்கு அடியில், நரம்பு எவ்வளவு இழுத்தால் நழுவும் என்று வைக்கிற நட்சத்திர வடிவத் திருகு) இறுக்கிவிட்டு நரம்பைக் கையால் இழுங்கள், விட்டு விட்டு நழுவினால் உள்ளே வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். விற்பவர் சொன்ன விலையில் பாதிதான் தருவேன் என்று சொல்லுங்கள். வாஷர் மாற்றுவது பெரிய வேலை இல்லை.