நடுவுல எந்த ஊரு?

(ஞாயித்துக்கிழமை அஞ்சு தோழிங்க கூடணும். எங்கேன்னு முடிவு பண்ற பொறுப்பு ஓமலூர் தேவிக்கும் சேலம் மெய்யனூர் ராணியக்காவுக்கும்.)

தேவி: மேட்டூர்ல ரெண்டு பேரு, ஆத்தூர்ல ஒருத்தி, அப்புறம் நீங்க, நானு. மேப்புல அஞ்சு புள்ளி வெச்சு நடுவுல குத்திட்டேன்க்கா. கருப்பூர் பக்கம் வருது.

ராணி: கருப்பூர்ல எங்க?

தேவி: பைபாஸ் ஓரமா.

ராணி: நின்னு லாரிக்கு டாட்டா காட்டவா? நாம காக்காவா, நேர்கோட்டுல பறக்க? வாசப்படி இறங்கறதுல இருந்து போய்ச் சேர்ற வரைக்கும் நிமிஷத்தை எழுது. பஸ்சுக்கு நிக்கறதையும் சேர்த்து.

தேவி: அப்படின்னா ஓமலூர்தான்! மேட்டூர்க்காரிங்க 45, 45. நீங்க 35. ஆத்தூர்க்காரி சேலத்துல பஸ் மாறணும், 125. நான் பூஜ்யம். மொத்தம் 250. சேலம் புது பஸ் ஸ்டாண்டுன்னா 75, 75, எனக்கு 30, ஆத்தூர் 80, நீங்க நடந்தா 5. 265 ஆகுது.

ராணி: ஆகாம? ஒரே ரோட்டுல அஞ்சு பேர் வரிசையா இருந்தா, மொத்தம் எப்பவும் மூணாவது ஆள் வாசல்லதான் கம்மியா வரும். அங்கிருந்து சேலம் பக்கம் நகர்ந்தா ரெண்டு பேருக்கு லாபம், மூணு பேருக்கு நஷ்டம். மேட்டூர் பக்கம் நகர்ந்தாலும் அதே கதைதான். மேட்டூர்க்காரிங்க ரெண்டு பேர், அப்புறம் நீ, நான், ஆத்தூர்க்காரின்னு வரிசை. அந்த மூணாவது ஆள் நீ. நைட்டியோடவே வந்து உக்காந்துக்கலாம்.

தேவி: கணக்கு சொல்லுதுக்கா, நானா சொல்றேன்?

ராணி: மிச்சமாகறது 15 நிமிஷம். அதுக்கு ஆத்தூர்க்காரி தலையில 45 நிமிஷம். போக வர ஒன்றரை மணி நேரம். ரெண்டு தடவை வருவா, மூணாவது தடவை "மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல"ம்பா. கூட்டிப் பாக்காத, அதிகமா அலையறவளைப் பாரு.

தேவி: அப்ப யாருக்குமே பக்கமில்லாத இடமா, ஏற்காடு?

ராணி: எல்லாரும் சமமா வாந்தி எடுத்தா அது நியாயமாடி? 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் வந்ததுக்கு மேல இன்னும் ஒரு மணி நேரம். சீசன் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இறங்கறப்ப பஸ்ஸுல கால் வெக்க எடம் இருக்காது. திரும்பற பஸ்ஸைப் பாத்துட்டுத்தான் எடமே சொல்லணும்.

தேவி: சரி, பஸ் ஸ்டாண்டுன்னே போட்டுடறேன்.

ராணி: மொட்டையாப் போடாத. ஒருத்தி பழைய பஸ் ஸ்டாண்டுல போய் நின்னுக்கிட்டு "எங்கடி இருக்கீங்க"ன்னு போன் போடுவா. புது பஸ் ஸ்டாண்டு, ஆத்தூர் பஸ் நிக்கற எடம்னு போடு. தூரத்துல இருந்து வர்றவ தேடக்கூடாது.

தேவி: ஏனுங்க்கா, இத்தனை கணக்கும் சுத்திச் சுத்தி வந்து உங்க தெருமுனையில நிக்குதே!

ராணி: அதனாலதான் பக்கத்துல இருக்கறவ செலவு பண்ணணும்ங்கறேன். தட்டுவடை செட்டு அஞ்சு பேருக்கும் என் காசு.

தேவி: முட்டை நொறுக்கல்?

ராணி: அது உன் காசு. எனக்கு அடுத்து பக்கத்துல இருக்கறவ நீதானே, 30 நிமிஷம்!