ஹீட்டரைப் பாருங்கள், அப்புறம் மெஷினை மாற்றலாம்

பழைய வாஷிங் மெஷினை மாற்றினாலே கரண்ட் பில் குறைந்துவிடும் என்று சொல்வது பாதிதான் சரி. மோட்டார் தின்பது கொஞ்சம்தான், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர்தான் பெருந்தீனிக்காரன். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகவே சுமார் 0.6 யூனிட் வேண்டும், 30 டிகிரியோடு நிறுத்தினால் 0.1 கூட ஆகாது. பச்சைத் தண்ணீரிலேயே துவைக்கிற நான் அவசரப்பட்டுப் புதுசு வாங்கினேன், பில்லில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. துணியை, சூடான காற்றில் உலர்த்தும் டிரையரில் போடுகிறவர்களுக்குக் கதையே வேறு. நிமிடத்துக்கு 1400 சுற்றில் பிழியும் மெஷின் என்றால் துணியில் ஈரம் குறைவாக இருக்கும், டிரையர் ஓடும் நேரமும் குறையும், லாபம் அங்கேதான்.