வாசலுக்கு வெளியே இருக்கும் பத்தடி

சிங்கப்பூரில் புதிய பிடிஓ வீடுகளின் (விண்ணப்பம் வாங்கிக்கொண்டு அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீடுகள்) வரைபடம் வெளிவந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு சூடாகிவிடும். நாலறை வீடு எத்தனை சதுர மீட்டர், சமையலறைச் சுவரை எடுத்துவிடலாமா, பெரிய கட்டில் போட்டால் அலமாரிக் கதவு திறக்குமா, எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு எவ்வளவு நடக்கணும். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதே தகவல் தொகுப்பில் இன்னொரு வரைபடமும் இருக்கும். ஒரு மாடி முழுவதையும் மேலிருந்து பார்த்ததுபோல வரைந்திருப்பார்கள். மின்தூக்கி எங்கே, படிக்கட்டு எங்கே, மாடியில் எத்தனை வீடு, எந்தக் கதவு எந்தக் கதவைப் பார்க்கிறது, கதவைத் திறந்தால் வெளியே எவ்வளவு இடம் என்று எல்லாம் அதில் தெரியும். அந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டும் வீடு இந்த அறுபது ஆண்டுகளில் உள்ளுக்குள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. வாசலுக்கு வெளியே இருந்த பத்தடி மட்டும் தேய்ந்துகொண்டே வருகிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம். நாம் கேட்கவே இல்லை.

கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். பிரிட்டிஷ்காரர்கள் 1927இல் தொடங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை, தியோங் பாரு போன்ற அழகான குடியிருப்புகளைக் கட்டியது உண்மைதான். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியும் அது கட்டிய வீடுகள் சுமார் 23,000தான். 1960 பிப்ரவரியில் லிம் கிம் சான் தலைமையில் வீவக வந்தது. முதல் ஐந்தாண்டிலேயே 50,000க்கும் மேல் கட்டிவிட்டார்கள். இடையில் 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பம் (கிராமத்துக் குடியிருப்பு) எரிந்து சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அந்த நேரத்தில் தேவைப்பட்டது வேகம். ஓரறை, ஈரறை வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டினார்கள். அழகு பார்க்க நேரமில்லை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தலைக்கு மேல் கூரை, குழாயில் தண்ணீர், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்பது கம்பத்திலிருந்து வந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தமிழர்களிலும் எத்தனை பேர் வேலையிடம் கொடுத்த வரிசை வீடுகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இருந்து அடுக்குமாடி புளோக்குகளுக்கு வந்தவர்கள்! செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

அந்தக் கால புளோக்கின் அமைப்பு ரொம்ப எளிமையானது. நீளமான பலகை போல ஒரு கட்டடம். முன்பக்கம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே தாழ்வாரம். அதை ஒட்டி வரிசையாகக் கதவுகள். பின்பக்கம் சமையலறை, அதற்கு வெளியே மூங்கில் கழியைச் செருகித் துணி காயப்போடக் குழாய்கள். செலவைக் குறைக்க மின்தூக்கியைச் சில மாடிகளில் மட்டும் நிறுத்தினார்கள். மற்ற மாடிக்காரர்கள் ஒன்றிரண்டு மாடி ஏறியோ இறங்கியோதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

என் அம்மா தோ பாயோவில் அப்படிப்பட்ட ஒரு மூவறை வீட்டில்தான் பல காலம் இருந்தார். பின்பக்கச் சமையலறையில் துணி தொங்கும். பகலிலேயே விளக்கு போட வேண்டும். முன்னால் தாழ்வாரத்தில் நல்ல வெளிச்சம். அதனால் முருங்கைக்கீரை ஆய்வதென்றால் அம்மா இரும்புக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நாளிதழை விரித்து, கீரைக் கட்டைப் பிரித்து, உருவிய காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போவார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவரைக் கடந்துதான் போக வேண்டும். மூன்று வீடு தள்ளி இருந்த சீன ஆன்ட்டிக்கும் அம்மாவுக்கும் பொதுவாகத் தெரிந்தது கொஞ்சம் சந்தை மலாய்தான். அதை வைத்துக்கொண்டே மீன் விலை, பிள்ளைகளின் படிப்பு, மூட்டுவலி என்று பேசி முடித்துவிடுவார்கள். ஒரு நாள் காலை அம்மாவின் கதவு திறக்கவில்லை என்றதும், பேரனை விட்டு எனக்குப் போன் போட வைத்தவர் அந்த ஆன்ட்டிதான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார்.

இதை எந்தக் கண்காணிப்புக் கருவியும் செய்யவில்லை, எந்தத் தொண்டூழியத் திட்டமும் செய்யவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் வரும், போகிற வழி எந்தப் பக்கம் இருக்கும் என்று ஒரு கட்டடக் கலைஞர் போட்ட கோடு செய்தது. பக்கத்து வீட்டுக்காரர்களின் நல்ல மனசு மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மனசுக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

அப்போ எல்லாத்தையும் பழையபடி கட்டச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த நீளத் தாழ்வாரத்தின் தொல்லைகளும் எனக்குத் தெரியும். ஓர் அறையின் சன்னல் நேராகத் தாழ்வாரத்தைப் பார்த்துதான் இருக்கும். திறந்து வைத்தால் போகிற வருகிறவர் பார்வையெல்லாம் உள்ளே. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் அந்தச் சன்னலை ஆண்டுக்கணக்கில் மூடியே வைத்திருந்தார்கள். முகம் தெரியாதவர்கள் நடமாடுவதும், இரவுச் சத்தமும், தாளிப்பு வாசனைக்கு வரும் முணுமுணுப்பும் சின்ன விஷயங்கள் அல்ல. ஒரே தாழ்வாரத்தில் இருபது வீடு இருந்தால் அது கிட்டத்தட்ட தெரு. அங்கே யார் யாரென்று யாருக்கும் தெரியாது.

வீவக இதைக் கவனிக்காமல் இல்லை. 1970களிலிருந்தே தாழ்வாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்குச் சில வீடுகள் என்று அமைக்கத் தொடங்கினார்கள். இன்னொரு பக்கம், மாடிக்கு நாலே வீடு கொண்ட, இருபது இருபத்தைந்து மாடிக் கோபுர புளோக்குகளும் எழுந்தன. ஐந்தறை வீடு என்றாலே அப்போது அந்த புளோக்குகளைத்தான் சொல்வோம். அவற்றில் எந்த அறைச் சன்னலும் பொது வழியைப் பார்க்காது. அந்தரங்கம் கிடைத்தது. வசதி கூடக் கூட எல்லாருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதன் பிறகு வந்த வடிவமைப்புகள் பெரும்பாலும் அந்த வழியிலேயே போயின.

என்னைக் கேட்டால், இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்தத் துண்டுத் தாழ்வாரம்தான் வீவக கண்டுபிடித்ததிலேயே சிறந்தது. ஆறிலிருந்து எட்டு வீடுகள், ஒரு பக்கம் திறந்த வெளி, காற்று, மழை வந்தால் சாரல். எல்லார் முகமும் தெரியும், ஆனால் கூட்டம் இருக்காது. தீபாவளிக்கு அகல் வைக்க இடம் இருக்கும். சிமெண்டுத் தரையில் கோலமாவு பிடிக்கும். என் அக்கா அதிகாலையில் நான்கு கதவு நீளத்துக்குப் போட்ட கோலத்தை, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) தன் வாசல் வரைக்கும் நீட்டச் சொல்லிக் கேட்டு வாங்கினார்.

இப்போது நான் இருக்கும் செங்காங் புளோக்கில் மின்தூக்கியை விட்டு வந்தால் ஒரு சிறு முற்றம், பளபளக்கும் தரை, அடுத்த நாலு எட்டில் என் கதவு. உட்காரலாம் என்று யாருக்கும் தோன்றாது. பகலிலும் விளக்கொளிதான். தீயணைப்பு விதிப்படி தப்பிச் செல்லும் பாதை 1.2 மீட்டர் அகலத்துக்குக் காலியாக இருக்க வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்ட விதி, மதித்தே ஆக வேண்டும். ஆனால் வழியே குறுகலாக இருக்கும்போது, அந்த அளவைக் கழித்தால் ஒரு செருப்பு அடுக்குக்குத்தான் மிச்சம். கோலத்துக்கு எல்லாரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். எதிர்வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறான் என்று அவன் சீருடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மின்தூக்கி விஷயத்தில் மட்டும் அரசாங்கத்தை மனம் திறந்து பாராட்டுகிறேன். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம், குடியிருப்பவர்களில் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஒப்புக்கொண்ட புளோக்குகளில் எல்லா மாடியிலும் நிற்கும்படி மின்தூக்கியை மாற்றிக் கொடுத்தது. 2014 வாக்கில் பெரும்பாலான புளோக்குகளில் வேலை முடிந்துவிட்டது. ஒரு மாடிப் படி ஏற முடியாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த எத்தனை பேரை அது வெளியே கொண்டுவந்தது! படியில் பார்த்துப் பேசுவது போச்சே என்று சிலர் ஏங்குவார்கள். அந்த ஏக்கம் எனக்கு இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா ஏறியதைப் பார்த்தவன் நான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வெளியே இருப்பதையும் ஆயிரக்கணக்கான புளோக்குகளில் மாற்ற முடியும், செலவழிக்கவும் முடியும் என்று அந்தத் திட்டம் காட்டிவிட்டது.

வீட்டின் உள்ளே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களின் தொடக்கத்தில் 100 சதுர மீட்டரைத் தாண்டியிருந்த நாலறை வீடு இப்போது 90ஐ ஒட்டி நிற்கிறது. குடும்பங்களும் சிறுத்துவிட்டன. 1980இல் ஒரு வீட்டுக்குச் சராசரி 4.9 பேர், 2020இல் 3.2. அதனால் அளவு குறைந்ததைப் பற்றி நான் பெரிதாகப் புலம்ப மாட்டேன். 1990களின் இறுதியிலிருந்து வீட்டுக்குள்ளேயே வந்த குண்டு துளைக்காத பதுங்கறை, அரிசி மூட்டைக்கும் பயணப்பெட்டிக்கும் இடமாகிவிட்டது. 2024இல் காலாங் வாம்போவில் க்ராஃபோர்ட் ஹைட்ஸ் திட்டத்தில் உள்சுவரே இல்லாத வீடுகளைச் சோதனையாக விற்பனைக்கு விட்டார்கள். உள்ளே எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். நல்ல யோசனை. அதே துணிச்சலை வெளியிலும் காட்டலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

காட்டியும் இருக்கிறார்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. டாசனில் உள்ள ஸ்கைவில் 47 மாடிகள், 960 வீடுகள் கொண்டது. அதை 80 வீடுகள் கொண்ட பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவானில் ஒரு பொதுத் தோட்டத் தளம் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் முக்கியமானது 2021இல் புக்கிட் பாத்தோக்கில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகள். மூத்தோருக்கான அந்த புளோக்கில் ஒவ்வொரு மாடியிலும் அக்கம்பக்கத்தார் கூடி உட்கார ஒரு பொது இடம் உண்டு. தனியாக இருக்கும் முதியவருக்குப் பேச்சுத் துணை மருந்து மாதிரி என்று புரிந்துதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமும் ஆதங்கமும் சேர்ந்தே வந்தன. அந்த இடம் கிடைக்க 65 வயது ஆக வேண்டுமா? கைக்குழந்தையோடு பகல் முழுக்கத் தனியாக இருக்கும் தாய்க்கு அது வேண்டாமா? அறுபத்தைந்தில் புது வீட்டுக்குப் போய்ப் புது முகங்களோடு பழகுவதைவிட, முப்பது வயதிலிருந்தே பழகிய முகங்கள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு மேல்!

இன ஒருமைப்பாட்டுக் கொள்கையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு உண்டு. இந்தியர்களும் பிற இனத்தவரும் சேர்ந்து இப்போது ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனருக்கு விற்க முடியாமல், வீட்டை விற்க நம்மவர்கள் படும் பாடு தெரிந்ததே. வாங்குவோர் குறைவு, விலையும் இறங்கும். இருந்தாலும் இனவாரியான பேட்டைகள் உருவாகாமல் தடுத்ததற்காக நான் அந்தக் கொள்கையை ஆதரிக்கிறேன். ஆனால் அந்த விலையை நாம் கொடுப்பது எதற்காக? வெவ்வேறு இனத்தவர் கலந்து பழகத்தானே? கணக்குப்படி ஒரே மாடியில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் இருக்கிறோம். பழக இடமில்லாமல் மின்தூக்கியிலிருந்து கதவுக்கு நாலு எட்டில் போய்ச் சேர்ந்தால், அந்தக் கணக்கு பதிவேட்டோடு நின்றுவிடும். வீட்டை விற்கும்போது கொஞ்சம் இழக்கவும் தயாராக இருக்கும் சமூகம் என்ற முறையில், அந்தப் பத்தடியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

புளோக்கின் அடியில் எல்லாருக்கும் பொதுவான திறந்த கீழ்த்தளம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அங்கே திருமணமும் துக்கமும் நடக்கின்றன. ஆனால் கீழே இறங்கிப் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். வாசலில் உட்காரக் காரணம் வேண்டாம்.

நான் கேட்பது ரொம்ப எளியது. ஒரு மாடிக்கு ஆறிலிருந்து எட்டு வீடு. வழியில் ஒரு பக்கமாவது வெளிச்சமும் காற்றும் வர வேண்டும். தப்பிச் செல்லும் பாதைக்கு 1.2 மீட்டர் போக, ஒரு முக்காலியும் ஒரு செடித்தொட்டியும் வைக்குமளவு கூடுதல் அகலம். அறைச் சன்னல்கள் அந்தப் பக்கம் பார்க்காதபடி, சமையலறையையோ கூடத்தையோ முன்னால் கொண்டுவரலாம். செலவு கூடும், நிலம் கூடுதலாகப் போகும், தெரியும். சதுர மீட்டர் கணக்கில் விற்கும்போது வெளியே இருக்கும் இடத்துக்கு யார் பணம் தருவது என்ற கேள்வியும் வரும். வீட்டுக்குள் இரண்டு சதுர மீட்டர் குறைந்தாலும் பரவாயில்லை, அதை வாசலுக்கு வெளியே கொடுங்கள் என்று சொல்ல நான் தயார்.

அடுத்த பிடிஓவுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, விண்ணப்பிக்கும் முன் அந்த மாடி வரைபடத்தையும் திறந்து பாருங்கள். உங்கள் கதவிலிருந்து மின்தூக்கி வரை எத்தனை வீடுகளைக் கடந்து போகிறீர்கள், வழியில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். வீவக கருத்துக் கேட்கும்போதும், நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பில் பார்க்கும்போதும், கார் நிறுத்துமிடத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள். பழைய தாழ்வார புளோக்குகளில் இன்னும் இருப்பவர்கள், உங்கள் தாழ்வாரம் எப்படி இருக்கிறது, எத்தனை வீடு, யார் யாரைத் தெரியும் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து வீவகவுக்கு அனுப்பப் போகிறேன்.