அலுமாரிக்குத் திரும்புகிற படகு

இரண்டு முழம் தண்ணீர். படகுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான். அவிழ்த்த கயிற்றை மறுபடியும் எறிந்தால் முடிகிற வேலை. அதைச் செய்யாமல் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குக் காலையில் வாருங்கள் அம்மா" என்று கையசைத்துவிட்டுப் போனான் அந்தப் புண்ணியவான். எங்கள் ஊரான நெடுந்தீவுக்குக் கடைசிப் படகு அது. எழுபதைக் கடந்த மாமி ஒரு கையில் கிளினிக் கொப்பியும் மறு கையில் மருந்துப் பையுமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் நான், வாய்க்கு வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு.

தாமதமாகப் போனால் படகு போகத்தான் செய்யும் என்று யாராவது நியாயம் சொல்ல வருவதற்கு முன், காலையில் நடந்ததைக் கேளுங்கள்.

இதே படகு. இதே ஆட்கள். நெடுந்தீவுத் துறையில் கயிற்றை அவிழ்த்து, முகப்பைத் திருப்பி, தாராளமான தூரம் வந்தாயிற்று. கரையில் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூவினார். அவர் வரவில்லையாம். அவருடைய அலுமாரி வருகிறதாம். மகள் வீட்டுக்கு. படகு மறுபேச்சில்லாமல் திரும்பியது. ஒரு முணுமுணுப்பு இல்லை, "நாளைக்கு வா" என்று அலுமாரியிடம் சொல்ல ஒருவரும் இல்லை.

இரட்டைக் கதவு அலுமாரி. ஒரு கதவு முழுக்க நிலைக்கண்ணாடி. அதை நிமிர்த்தி வைப்பதா, படுக்க வைப்பதா என்று படகில் மாநாடு கூடியது. நிமிர்த்தினால் ஆடும். படுக்க வைத்தால் கண்ணாடி வெடிக்கும். சரித்து வைத்தால் சீமெந்து மூட்டை இடிக்கும். ஒருவர் கயிறு கேட்டார், இன்னொருவர் அந்தக் கயிறு போதாது என்றார், வாழ்நாளில் அலுமாரி தூக்கியே இராத மூன்றாமவர் எல்லாருக்கும் கட்டளை இட்டார். தூக்குகிறபோது பூட்டாத கதவு திறந்துகொண்டு, உள்ளே கட்டி வைத்திருந்த புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) பை அவிழ்ந்து தட்டெங்கும் கொட்டியது. உடனே வேலை நின்றது. பொறுக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள், மகளுக்குக் கொடுத்து அனுப்புகிற பண்டமாயிற்றே. பொறுக்கியவர்களில் இருவர் நடுநடுவே கடித்தும் பார்த்தார்கள். கரையில் நின்றவர் எண்ணிக்கை குறையாமல் கண்ணாலேயே காவல் காத்தார்.

கடைசியில் அலுமாரிக்கு ஓர் இடம் கண்டுபிடித்தார்கள். மாமியின் இடம். "அம்மா, கொஞ்சம் எழும்புங்கள், கண்ணாடி உடைந்துவிடும்." அவரும் எழும்பிவிட்டார்! ஒரு மணி நேரக் கடலில், கண் கிளினிக்குக்குப் போகிற கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அலுமாரி வாங்கிலே சாய்ந்து சுகமாக வந்தது. நான் பொருமியபோது, "எனக்கு வசதியாகத்தானே இருக்கிறது, தம்பி" என்று சொல்லி, அந்தக் கண்ணாடியிலேயே முகம் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். குறிகட்டுவானில் படகுக்காக நிற்க வேண்டிய பஸ் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸில் புங்குடுதீவு, வாணர் பாலம், வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணை என்று ஊர்ந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தால் கிளினிக்கில் எங்களுக்கு வாலில்தான் இலக்கம். வைத்தியர் மாமியின் கண்ணைப் பார்த்த நேரத்தைவிட அலுமாரியைத் தூக்கிய நேரம் அதிகம். மருந்து வாங்கி, அதே வழியில் திரும்பி ஓடி வந்தால் அந்த இரண்டு முழம்.

ஏன் நிற்கவில்லை என்று துறையில் இருந்தவரைக் கேட்டேன். "காற்று." ஐயா, தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோழகக் காற்று என்றால் என்ன என்று எங்களுக்கே பாடம் எடுக்கிறீர்களா? மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை அது எங்கள் வயிற்றைக் கலக்குகிற கலக்கு தெரியாதா? அன்றைக்குக் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. காற்று இருந்தது அவருடைய பதிலில் மட்டும்தான்.

விடுமுறை நாளென்றால் இன்னும் விசேஷம். குதிரை பார்க்கவும் பாவோபாப் என்கிற பெருக்க மரத்தடியில் படம் எடுக்கவும் வருகிறவர்கள் வாங்குகளை நிறைத்துவிடுவார்கள். வரட்டும், எங்கள் ஊர் அழகுதான். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் அந்தக் குதிரைகளுக்கே லாயம் கட்டினார்கள், அதன் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அந்த ஊர்க்காரியும் நின்றுகொண்டேதான் போகிறாள்.

எனக்கு உண்மையில் ஆத்திரம் மாமி மேல்தான். "விடு தம்பி, அவனுக்கும் வீடுவாசல் இருக்கும்தானே" என்கிறார். 1985 மே மாதம் நெடுந்தீவிலிருந்து குமுதினி என்ற படகில் போனவர்களை வெட்டிக் கொன்றது இந்தக் கடலில்தான். அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்குப் படகு கரை சேர்ந்தாலே பெரிது, நேரத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். புரிகிறது. ஆனால் அந்தப் பொறுமையையும் டிக்கெட் காசோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. அலுமாரிக்குப் பொறுமை இல்லை, கண்ணாடி உடையும். அதனால் அதற்கு மரியாதை. மாமி உடையமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அடுத்த கிளினிக்குக்கு உங்களை அலுமாரிக்குள் வைத்துக் கூட்டிவருகிறேன்" என்றேன். சிரிக்கத் தொடங்கியவர் இருமல் வரும்வரை நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பில் என் கோபமும் பாதி கரைந்துவிட்டது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

புங்குடுதீவில் தெரிந்தவர் வீட்டில் இரவு தங்க ஏற்பாடாயிற்று. போகிற வழியில் கடையொன்றில் மீன் பணிஸ் வாங்கினேன். ஒன்றைப் பிய்த்தால் உருளைக்கிழங்கு. மற்றதைப் பிய்த்தால் அதிலும் உருளைக்கிழங்கு, கூட ஒரு பச்சை மிளகாய். நாலாபக்கமும் கடல், வலை காய்கிற வாடை மூக்கைத் துளைக்கிறது, மீன் பணிஸில் மீன் இல்லை! கடைக்காரரிடம் கேட்கத் திரும்பினேன். மாமி கையைப் பிடித்து இழுத்தார்.

"கிழங்கு நன்றாக அவிந்திருக்கிறது தம்பி, சாப்பிடு."