ராத்திரி தங்காமல் என்ன இயற்கை முகாம்?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை இயற்கை முகாமுக்குக் கூட்டிப்போகும் பேச்சு எடுத்தாலே, "ராத்திரி எதுக்குத் தங்கணும்? காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாமே" என்று ஒரு குரல் எழும். ஆசிரியராகப் பெற்றோர் கூட்டங்களில் இதை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயம் புரியாமல் இல்லை. எட்டு வயசுப் பிள்ளை வீட்டை விட்டு வேற இடத்தில் தூங்குவது சின்ன விஷயமா என்ன? ஆனாலும் சொல்கிறேன், ராத்திரியையும் விடியற்காலையையும் வெட்டிவிட்டால் அது முகாமே இல்லை, வெறும் டூர்.

பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் காடு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பாலூட்டிகளில் பாதிக்கு மேல் இரவில் நடமாடுபவை. பறவைகள் கூட்டமாகக் குரல் கொடுப்பது சூரியன் எழுவதை ஒட்டிய கொஞ்ச நேரம்தான். பத்து மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைக்கு இதில் எதுவுமே கிடைக்காது.

முதல் பாடம் இருட்டுதான். எல்லா டார்ச்சையும் அணைத்துவிட்டு உட்காரச் சொன்னால் முதலில் கசமுசா, அப்புறம் பயம், பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதற்குள் யாராவது ஒரு தரம் வெள்ளை வெளிச்சம் அடித்துவிட்டால் போச்சு, திரும்ப ஆரம்பத்திலிருந்து பழக வேண்டும். பொறுமையாக இருந்தால் மரங்களின் விளிம்பு தெரிய ஆரம்பிக்கும், பாதை தெரியும். "நிறம் மட்டும் ஏன் தெரியல?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது என்பதைப் புத்தகத்தில் படிப்பதும், தன் சட்டையே சாம்பல் நிறமாகிப்போனதைப் பார்த்துக்கொண்டே கேட்பதும் ஒன்றாகுமா?

அதற்கப்புறம் டார்ச்சை எடுக்கலாம். நெற்றியை ஒட்டிப் பிடித்துப் புல்தரையில் அடித்தால் அங்கங்கே பச்சையாய்ப் புள்ளிகள் மின்னும். பனித்துளி என்றுதான் நினைப்பார்கள். வெளிச்சத்தை விலக்காமல் கிட்டே போய்க் குனிந்தால் ஓநாய்ச் சிலந்தி! அதன் கண்ணுக்குள் இருக்கும் படலம் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால் அந்த மினுக்கம். "மிஸ், இத்தனை பேரு நம்மளையே பாத்துட்டு இருந்தாங்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நான் வகுப்பில் எடுத்த எந்தப் பாடமும் இப்படி ஒரு கேள்வியைக் கொண்டுவந்ததில்லை.

வெள்ளைத் துணியைக் கட்டிப் பின்னால் விளக்கு வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்துவிடும். விளக்கில் விழும் விட்டிலைப் பற்றிக் காலங்காலமாகப் பேசுகிறோம். அது ஏன் அப்படிச் சுற்றுகிறது என்பதற்கு, அதிவேகக் கேமரா வைத்து ஆராய்ந்தவர்கள் 2024இல்தான் நல்ல விளக்கம் தந்தார்கள். பறக்கும் பூச்சி முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துக்கொள்ளும். வானம் வெளிச்சமாக இருக்கும்வரை அதை வைத்து மேல் கீழ் தெரிந்துவிடும். விளக்கு குறுக்கே வந்ததும் கணக்கு தப்பி, முதுகை அதற்குத் திருப்பித் திருப்பியே மாட்டிக்கொள்கிறது. விளக்குக்கு மேலே போன பூச்சி தலைகீழாகக் கவிழ்வதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் விளக்கை அணைத்து அவற்றைப் போகவிடுவதும் பாடத்தில் சேர்த்திதான்.

வானம் தெளிவாக இருந்து சிரியஸ் நட்சத்திரம் தெரியும் மாதமாகவும் அமைந்தால் விடவே கூடாது. 8.6 ஒளியாண்டு தூரம். அதாவது இன்று கண்ணில் படும் ஒளி, அந்தப் பிள்ளை பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பியது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வாயைப் பிளந்து நிற்பார்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொரு விஷயத்தில். ராத்திரி தங்க ஒப்புக்கொண்ட முகாம்களிலும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் மூச்சுவிட இடமில்லை. கயிறு ஏறுதல், குழு விளையாட்டு, பரிசு, ராத்திரி ஸ்பீக்கர் வைத்து ஆட்டம். அவ்வளவு சத்தத்துக்கு எந்த ஆந்தை கிட்டே வரும்? ஒரு பிள்ளை குழிநரிப் பூச்சியின் மணல்குழி முன்னால் குப்புறப் படுத்து, புல்நுனியால் ஒரு மணல் மணியைத் தள்ளிவிட்டு, உள்ளேயிருந்து மணல் வீசப்படுவதையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், "அடுத்த ஆக்டிவிட்டிக்கு நேரமாச்சு" என்று எழுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை வந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

பெற்றோர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் பயம் ஒன்று உண்டு: பிள்ளை படுக்கையை நனைத்துவிட்டால்? இந்த வயசில் இது சகஜம். முன்கூட்டியே ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். மாற்றுத் துணி ஒரு தனிப் பையில் இருந்தால், மற்ற பிள்ளைகள் எழுவதற்குள் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம். இந்த ஒரு பயத்துக்காகவே பிள்ளையை அனுப்பாத வீடுகளை எனக்குத் தெரியும், மனசு கஷ்டமாக இருக்கும். அப்புறம், படுக்கப்போகும் நேரத்தில் போன் போட்டுக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையும் அம்மா குரல் கேட்டதும் அழ ஆரம்பித்துவிடும். மருந்து, ஒவ்வாமை, தண்ணீர்ப் பக்கம் பாதுகாப்பு, எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பதையெல்லாம் கட்டாயம் கேளுங்கள். பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு என்ன வழி என்றும் கேளுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போவது அநியாயம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலை வாங்கி, அந்தி சாய்ந்த பிறகு இரண்டு மணி நேரமும் விடிவதற்கு முன் ஒரு மணி நேரமும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பாட்டும் ஆட்டமும் என்றிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஒன்றுமே எழுதாமல் காலியாக விட்டிருந்தால், யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பி வையுங்கள்.