கம்பி கட்டுபவருக்கு மாதம் 36,000 ரூபாயா?

"சென்னையில் கம்பி கட்டுறவருக்கு நாளைக்கு 1,200, மாதம் 36,000. வரி கிடையாது, வாடகை கிடையாது. ஐ.டி. வேலை எதுக்கு?" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கைதேர்ந்தவருக்கு 1,200 கிடைப்பது உண்மைதான். மற்றதெல்லாம் தப்புக்கணக்கு.

முதலில் அந்த 30 நாள். நாள்கூலியில் ஞாயிறு லீவுக்குச் சம்பளம் இல்லை. 26 நாள் வேலை இருந்தால் 31,200. ஐப்பசி, கார்த்திகை மழையில் 18 நாள்தான் கிடைத்தால் 21,600. கையாளுக்குக் கூலி இன்னும் குறைவு.

நாள்கூலி இல்லாமல், கட்டும் கம்பிக்கு டன் கணக்கில் கூலி பேசினால் பணம் கொட்டும் என்பார்கள். அந்தப் பணம் சேர்ந்து வேலை செய்யும் மொத்த செட்டுக்கும் பிரியும். அப்புறம், கம்பி மெலிய மெலிய வேலை கூடும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி 94 சேர்ந்தால்தான் ஒரு டன். 8 எம்.எம். கம்பியோ மீட்டருக்கு 400 கிராம்கூட வராது. அதில் ரிங் ரிங்காக வளைத்து, கட்டுக்கம்பியைக் கொக்கியால் முறுக்கிக் கட்டி ஒரு டன் தேற்றுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும்.

வரி? அதே மாதம் 36,000, அதாவது ஆண்டுக்கு 4.32 லட்சம் வாங்கும் ஐ.டி. ஊழியரும் புதிய முறையில் வருமான வரி கட்டுவதில்லை. அவருக்குப் பெரும்பாலும் பி.எஃப். உண்டு, இவருக்குப் பெரும்பாலும் இல்லை.

வாடகை இல்லாதது சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தங்குபவருக்கு மட்டும். குடும்பத்தோடு இருப்பவர் அட்வான்ஸே பல மாத வாடகை கொடுக்கிறார். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்று 2017 வாடகைச் சட்டம் சொல்வதை எத்தனை வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள்?